பிணக்குத் தீர்த்தலும் இணையக் கருவிகளும்

வெண்ணெய்நல்லூர் அவையிலே நிகழ்ந்த வழக்கினைப் பெரியபுராணம் படித்த மாணவர் எவரும் மறந்திரார். மணப்பந்தரிலே முதியவரொருவர் தோன்றி, மணமகனாகிய நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமையெனச் சாதித்தார். அவர் காட்டிய ஆளோலையை ஆரூரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிபட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உண்டென்றும் முதியவர் கூறவே, வழக்கு ஊரவைக்குச் சென்றது. அவையத்தார் இருவர் கூற்றையும் கேட்டனர். மூலவோலையின் எழுத்தைப் பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினர். அதன் பின்னரே தீர்ப்புக் கூறினர்.

இவ்வரலாற்றைப் பத்திச் சுவைக்காகப் படிப்பதே நம் வழக்கம். ஆயினும் வழக்கியல் நோக்கிலும் அது நமக்குப் பாடமாகும். இருதிறத்தாரும் ஒப்பும் பொதுவிடம் ஒன்று வேண்டும். இருவர் சொல்லும் குறைவின்றிக் கேட்கப்படல் வேண்டும். ஆவணம் மெய்யோ பொய்யோ எனச் சோதிக்க வழி வேண்டும். இம்மூன்றும் இருந்தாலன்றிப் பிணக்குத் தீராது. ஓலை போய்த் தாள் வந்தது. தாளின் இடத்தைக் கைப்பேசித் திரை இன்று பற்றிக்கொண்டது. அத்திரையின் துணைகொண்டு பேச்சுவார்த்தை நடத்தவும் பிணக்குத் தீர்க்கவும் இயலுமோ, இயலுமாயின் எந்த அளவிற்கு, எவ்வெச்சரிக்கைகளோடு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பகுதியின் பழைய முறைகள்

மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே மொழி பேசி வாழ்கின்றனர். கடற்கரையும் வயற்கரையும் இவர்களுக்குப் பொதுவானவை. ஆதலின் பிணக்குகளும் பொதுவானவையே. வாய்க்கால் நீர், வயல் வரம்பு, கட்டாக்காலி மாடு, கரைவலை இழுக்கும் இடம், சீதன வீடு, கைமாற்றுக் கடன் என்பன அவற்றுட் சில.

இவற்றைத் தீர்க்க முன்னோர் தத்தமக்கேற்ற முறைகளை அமைத்திருந்தனர். நெற்காணிகளில் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்க வட்டை விதானை இருந்தார். பள்ளிவாசலில் மரைக்காயர்மாரும், கோயிலில் வண்ணக்கர்மாரும் குடிவழிப் பொறுப்பேற்றுத் தம்மவர் பிணக்குகளை விசாரித்தனர். அரசும் இதனை ஒட்டியே சென்றது. 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இணக்க சபைகளை நிறுவிற்று. அவை 1978இல் ஒழிந்தன. பின்னர் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் வந்தது. 1990 முதல் அச்சபைகள் இயங்கலாயின.

மத்தியஸ்த சபையின் அமைப்பு எளியது. பிணங்கிய இருவரும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்வர். அவ்விருவரும் மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவர். அவர்கள் ஊதியத்துக்காகவன்றிப் பொதுத்தொண்டாக விடுமுறை நாளிற் பாடசாலை மண்டபத்திலோ பொதுவிடத்திலோ கூடுவர். சட்டத்தரணிகள் தோன்றி வாதாட அங்கே இடமில்லை. குறிப்பிட்ட பெறுமதிக்குட்பட்ட பிணக்குகள் முதலில் இச்சபைக்குச் சென்றே ஆகவேண்டும். அப்பெறுமதி தொடக்கத்தில் 25,000 ரூபாவாயிருந்து, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 5 இலட்சமாக உயர்ந்தது. இணக்கம் ஏற்படாவிடின் சபை அதற்கொரு சான்றிதழ் வழங்கும்; அதனைக் கொண்டு நீதிமன்றஞ் செல்லலாம். சபை எவர்மீதும் தீர்ப்பைச் சுமத்துவதில்லை. தீர்வு காண்போர் பிணங்கியவர்களே.

இடையிற் புகுந்த கடல்

இம்முறைகள் யாவும் ஒன்றை எதிர்பார்த்து நிற்பன: பிணங்கியோர் இருவரும் ஊரிலே இருத்தல் வேண்டும். இன்றைய நிலை அதுவன்று. ஒரு குடும்பத்தில் ஒருவர் கட்டாரிலும், மற்றொருவர் சவுதி அரேபியாவிலும், வேறொருவர் இலண்டனிலும் வாழ்தல் இக்கரையோரத்தில் வழமையாகிவிட்டது. பிணக்கு ஊரில், பிணங்கியவர் கடலுக்கப்பால்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு வழக்கைக் கற்பித்துக்கொள்வோம். சாய்ந்தமருதிலே கடற்கரையை அண்டிய வளவொன்று. தந்தையார் அதன் ஒரு பகுதியில் வீடு கட்டி, ஊர் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். எஞ்சிய நிலம் மகனுக்கென்பது வாய்ப்பேச்சு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. வீடும் வேலியும் எல்லைக்கல்லும் போயின. தந்தையாரும் மறைந்தார். வடக்குக் கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குட் கட்டடம் எழுப்பலாகாதென முதலில் விதிக்கப்பட்ட தடை பின்னர்த் தளர்ந்தபோது, டோஹாவிலிருந்த மகன் அனுப்பிய பணத்தில் வீடு மீண்டும் எழுந்தது. பழைய அத்திவாரத்தில் அன்றி வளவின் நடுவே எழுந்தது. ஆண்டுகள் கழிந்தன. தன் பங்கை அளந்து தருமாறு மகன் கேட்க, வளவு முழுவதும் மனைவியின் சீதனமே என்றார் மச்சான்.

இங்கே கைப்பேசி முதலிற் செய்த வேலை யாது? பிணக்கை வளர்த்தமையே. குடும்பத்தார் அனைவரும் கேட்கும் வட்ஸ்அப் குழுவிலே மகன் சினத்தோடு பேசிய குரற்பதிவொன்று இரவோடிரவாக ஊரெங்கும் பரவிற்று. மச்சான் கேட்டதினும், மச்சானின் தம்பிமார் கேட்டமையே பெருந் துன்பமாயிற்று. முன்னிலையிற் சொன்ன கடுஞ்சொல் காற்றோடு போகும்; பதிவான கடுஞ்சொல் எத்தனை முறையும் புதிதாகவே ஒலிக்கும். ஆதலாற் கருவி இருப்பதனால் மாத்திரம் பேச்சுவார்த்தை நடந்துவிடாது. அதனை ஒழுங்குபடுத்தும் முறையும் உடன் வேண்டும்.

நான்காவது தரப்பு

பிணக்கில் இருதிறத்தார் உளர்; நடுவர் மூன்றாந் தரப்பு. இணையக் கருவியை நான்காவது தரப்பு என வழங்குவர் இத்துறை அறிஞர். அமெரிக்கப் பேராசிரியர் ஈதன் கட்ஷும் ஜெனட் ரிவ்கினும் 2001இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை நிலைநாட்டினர். நடுவரின் இடத்தைக் கருவி பறிப்பதில்லை. அவருக்குக் கையாளாக நிற்கும் என்பதே அதன் கருத்து. அக்கையாள் செய்யக்கூடிய பணிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, காலத்தைத் தளர்த்துதல். இருவரும் ஒரே வேளையிற் பேசவேண்டுவதில்லை. டோஹாவில் வேலை முடிந்து இரவிலே மகன் எழுதுவான். மறுநாட் காலையில் மச்சான் படிப்பார். சினந் தணிந்தபின் மறுமொழி கூற இடைவெளி கிடைக்கின்றது. நல்ல நடுவர் இவ்விடைவெளியை வேண்டுமென்றே அமைப்பார்.

இரண்டாவது, தனியறை அமைத்தல். நடுவர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசி, ஒப்புதல் பெற்றவற்றை மாத்திரம் மற்றவருக்கு உரைப்பார். குடும்பக் குழுவிற் பேசக் கூசும் உண்மைகள் தனியே பேசும்போது வெளிவரும். நம் கற்பனை வழக்கில், மகன் நிலத்தைக் காட்டிலும் தான் பட்ட பாட்டை ஊரார் ஒப்புக்கொள்ளாமைக்கே வருந்தினான் என்பதும், தங்கையோ வீட்டிலிருந்து எழுப்பப்படுவோமோ என்று அஞ்சினாள் என்பதும் இவ்வாறே தெரியவந்திருக்கும்.

மூன்றாவது, மறைவிலையிடுதல். சைபர்செற்றில் என்னும் அமெரிக்க நிறுவனம் 1998 முதல் காப்புறுதிப் பிணக்குகளில் இதனைக் கையாண்டது. இருவரும் தத்தம் எல்லையை இயந்திரத்திடம் மறைவாகக் கூறுவர். மச்சான் 9 இலட்சம் வரை கொடுப்பேன் என்றும், மகன் 8 இலட்சத்திற் குறையேன் என்றும் குறித்தால், தொகைகள் ஒன்றையொன்று தழுவுதலின் எட்டரை இலட்சத்தில் முடிவு காணலாம். தழுவாவிடின் இருவர் மறையும் வெளிப்படாது. எவரும் இறங்கிவந்தார் என்னும் இழுக்கும் இல்லை. மாட்டுத் தரகர் துண்டின் கீழ் விரல்பிடித்து விலைபேசும் முறையை அறிந்தோர்க்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும்.

நான்காவது, ஒரே வாசகத்தைப் பேணுதல். இதுவே மிகச் சிறந்த பணியாதலின் விரித்துக் கூறவேண்டும்.

ஒரே வாசகம்

இருவரும் தத்தம் கோரிக்கைகளை எழுதி நீட்டினால், அவற்றைக் காப்பதே அவர்தம் முழுநேர வேலையாகும். அதற்கு மாறாக, நடுவர் தாமே ஒரு வரைவை எழுதி, இதிற் குறை யாதென இருவரையும் கேட்பார். குறைகளைத் திருத்தி மறுவரைவு எழுதுவார். மேலுந் திருத்த இயலாதென்னும் நிலை வரும் வரை இவ்வாறே செய்வார். ரொஜர் ஃபிஷர் என்னும் சட்டப் பேராசிரியர் பரப்பிய முறை இது. 1978 செப்டெம்பரிலே காம்ப் டேவிட்டில் எகிப்துக்கும் இஸ்ரவேலுக்கும் இடையே நடந்த பேச்சில், அமெரிக்க அணியினர் 13 நாளில் 23 வரைவுகள் எழுதி இணக்கங் கண்டனர்.

இம்முறையைக் கணினியோடு இணைத்துப் பார்த்த முன்னோடி நாடுகளுள் நம் நாடும் ஒன்று என்பதை நம்மவருட் பலர் அறியார். 2002 பெப்ரவரி 22இல் யுத்த நிறுத்த உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அதன்பின், ஒரே வாசக முயற்சி என்னும் பெயரோடு ஓர் அமைப்பு, கட்சிகள் பலவற்றைச் சார்ந்தோரை ஒரே மேசையில் அமர்த்திச் சமாதானப் பொருள்களை ஆராயச் செய்தது. இன்ஃபோஷெயார் என்னும் கொழும்பு நிறுவனம் அதற்குத் தொழினுட்பத் துணை நின்றது. சஞ்சன ஹட்டொட்டுவ முதலியோர் அப்பணியில் உழைத்தனர்.

அவர்கள் கையாண்ட மென்பொருள் குறூவ் என்பது. ரே ஒசி என்னும் அமெரிக்கர் அமைத்த அதனை 2005இல் மைக்ரோசொஃப்ற் வாங்கிற்று. ஆவணத்தின் படியொன்று உறுப்பினர் ஒவ்வொருவரின் கணினியிலும் இருக்கும். மறையீடு செய்யப்பட்டிருத்தலாற் பிறர் படிக்க இயலாது. இணைப்பு இல்லாதபோதும் திருத்தலாம். இணைப்புக் கிட்டியதும் அனைவர் படிகளும் தாமே ஒத்துக்கொள்ளும். மின்சாரமும் தொலைபேசியும் அடிக்கடி அறுந்த அக்காலத்தில் இப்பண்பு பெரிதும் பயன்பட்டது. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பணிகளை ஒருங்கிணைக்கவும் அம்மென்பொருள் உதவிற்று. கிழக்கு மாகாணத்திலோ, கலாநிதி குமார் ரூபசிங்க தலைமையில் இயங்கிய சகவாழ்வு மன்றம், களப்பணியாளர் அனுப்பிய செய்திகளைக் கணினியிலே தொகுத்து, கலவரம் மூளுமுன் அதன் அறிகுறிகளைக் கண்டு தணிக்க முயன்றது.

ஆயினும் பேச்சுவார்த்தை முறிந்தது. 2008 சனவரியில் உடன்படிக்கையும் முடிவுற்றது. கருவி நன்றாயிருந்தும் காரியம் கைகூடாமைக்குக் காரணம் வெளிப்படை. இணங்கும் விருப்பத்தைக் கருவி படைக்கமாட்டாது. இருக்கும் விருப்பத்தைச் சிதறாமற் காக்க மாத்திரம் வல்லது. குறூவ் என்னும் மென்பொருளும் இன்று அப்பெயரில் வழக்கில் இல்லை. இணக்கப் பதிவுகளை ஒரே நிறுவனத்தின் பெட்டியில் மாத்திரம் பூட்டிவைத்தலாகாது என்பது அதனாற் பெறப்படும் இரண்டாம் பாடம்.

உலகின் பட்டறிவு

பிறநாட்டு நிகழ்ச்சிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. 1999இல் ஈபே என்னும் இணையச் சந்தையில் விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் எழுந்த பிணக்குகளைத் தீர்க்க, மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தினர். ஏறத்தாழ 200 வழக்குகளோடு தொடங்கிய அம்முறை வளர்ந்து, பின்னர் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 6 கோடிப் பிணக்குகளைக் கையாளும் நிலையை எய்திற்று. அங்கே பிணக்குச் சிறிது; விற்பவர் தம் நற்பெயரைக் காக்க விரும்பினர்; ஆதலின் இருவரும் திரைமுன் வந்தனர்.

ஐரோப்பிய ஒன்றியம் 2016இலே நுகர்வோர்க்கென ஓர் இணையத்தளம் திறந்தது. முறைப்பாடுகள் வந்தன, ஆயின் வணிகருட் பெரும்பாலார் மறுமொழி கூறவில்லை. 2025 யூலை 20இல் அத்தளம் மூடப்பட்டது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவிலோ 2016இல் தொடங்கிய குடிசார் தீர்வு மன்றம் வேறு வழி சென்றது. முதலிற் கேள்வி கேட்டு வழிகாட்டல், பின் தம்முட் பேசுதல், அதன்பின் நடுவர் துணை, இணங்காவிடிற் சட்டவலுவுள்ள தீர்ப்பு என அது படிப்படியாக அமைந்தது. 2017 முதல் 5,000 டொலர் வரையான சிறு வழக்குகளையும் ஏற்றது. முடிவிலே தீர்ப்பு உண்டென்பதை அறிந்தோர் நடுவிலே இணங்க முற்படுகின்றனர்.

அயல் நாடாகிய இந்தியாவில், நோய்த்தொற்றின் காலமாகிய 2020இல் மக்கள் நீதிமன்றங்கள் இணையவழியிற் கூடின. 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் இணையவழி மத்தியஸ்தத்துக்கும் வெளிப்படையாக இடமளிக்கின்றது.

நம் நாட்டுச் சட்டநிலை

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியற் கொடுக்கல் வாங்கல் சட்டம், மின்வடிவில் உள்ளதென்ற காரணத்தால் மாத்திரம் ஓர் ஆவணம் தள்ளப்படலாகாதென வகுத்தது. 2017இல் அது திருத்தப்பட்டது. நோய்த்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் தொலைத்தொடர்புக் கருவிவழி வழக்கு விசாரிக்கத் தற்காலிக ஏற்பாடு செய்தது. பிறநாட்டு வணிகப் பிணக்குகளில் மத்தியஸ்தத்தால் எய்திய இணக்கங்களை நிறைவேற்றும் சிங்கப்பூர் உடன்படிக்கையில் இலங்கை 2019 ஓகஸ்ட் 7ஆம் நாளே ஒப்பமிட்டது. 2024இல் அதற்கெனச் சட்டமும் இயற்றிற்று.

ஆயின் நிலத்தைப் பற்றிய பிணக்கில் ஒரு தடை உண்டு. அசைவிலா ஆதனத்தை விற்றல் முதலியவற்றை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டமோ நிலக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதியை வேண்டுகின்றது. ஆதலின் நாம் கற்பித்த வழக்கிலே மகனும் மச்சானும் திரையில் இணங்கினாலும், அவ்விணக்கம் நில அளவையாளரின் வரைபடமாகவும் நொத்தாரிசு உறுதியாகவும் மாறும் வரை காரியம் முற்றுப்பெறாது. மகன் வெளிநாட்டில் உள்ள நம் தூதரகத்தின் வாயிலாக ஒருவருக்கு முறைப்படி தத்துவம் அளித்தே அதனை முடிக்க வேண்டியிருக்கும். இதனை அறியாது, வட்ஸ்அப்பில் வந்த சம்மதத்தை நம்பி மதில் கட்டியவர் பின்னர் வருந்த நேரிடும்.

கொள்ளத்தக்க எச்சரிக்கைகள்

படியோலையும் மூலவோலையும் பற்றிய சிக்கல் திரையில் மும்மடங்காகின்றது. படத்தை வெட்டலாம், உரையாடலில் ஒரு வரியை மாத்திரம் பிரித்துக் காட்டலாம், இன்றைய செயற்கை நுண்ணறிவாற் பிறர் குரலையே போலச் செய்யவும் இயலும். ஆதலின் ஒவ்வொரு வரைவுக்கும் இலக்கமும் நாளும் இட்டு, இருவருக்கும் ஒரே வேளையில் அனுப்புதல் நன்று. இறுதி வரைவை இருவரும் காணொளியில் முகம் பார்த்து வாய்விட்டுப் படித்து ஒப்புக்கொள்ளுதல் அதனினும் நன்று.

மறை காத்தல் மற்றொன்று. பேச்சுவார்த்தையிற் கூறியதை வெளியே பரப்புவதில்லை என்னும் உறுதியை முதல் நாளே பெறவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனியாள் தரவுக் காப்பினை விதித்தபோதும், உறவினர் நாவைச் சட்டம் முற்றும் கட்டுப்படுத்தாது.

சமமின்மை மூன்றாவது. கைப்பேசி கணவன் கையில் இருக்குமாயின் மனைவியின் சொல் யாருடைய சொல்? நம் வழக்கில் வீட்டுக்குரியவள் தங்கையே. அவ்வாறிருக்கப் பேசுபவர் மச்சான். அவளைத் தனியே, அவள் நம்பும் பெண்ணொருத்தியின் முன்னிலையிற் கேட்டறியாத நடுவர் பாதி வழக்கையே கேட்டவராவர்.

ஊர்ப் பிணக்குகளுக்கும் பயன்படுமோ?

குடும்பப் பிணக்கிற்குப் பொருந்துவது ஊர்ப் பிணக்கிற்கும் பொருந்துமோ என வினவலாம். அக்கரைப்பற்று நுரைச்சோலையிலே ஆழிப்பேரலையால் வீடிழந்தோர்க்கென சவுதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு எவ்வளவு என்னும் பிணக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2009இல் தீர்ப்பும் வந்தது. வந்தும் அவ்வீடுகள் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. தீர்ப்பு வேறு, தீர்வு வேறு என்பதற்கு இதனினும் துயரமான சான்று நம் கரையில் இல்லை. கல்முனையிலே பிரதேச செயலகப் பிரிப்பைப் பற்றி இரு சமூகத்தாரிடையே நீடித்த வாதமும், 2019இல் உண்ணாவிரதம் வரை முற்றியது.

இத்தகைய பிணக்குகளிலே மேடைப்பேச்சுக்கள் பல. எல்லைக் கோட்டைத் தானும் இருதிறத்தாரும் ஒருங்கே நோக்கும் வரைபடம் அரிது. ஒரே வரைபடம், ஒரே புள்ளிவிவரம், ஒரே வரைவு ஆகியவற்றைத் திரையில் வைத்து, இரு சமூகத்து ஆசிரியரும் இளைஞரும் பெண்களும் தம் ஐயங்களைக் குறித்து அனுப்ப வழிசெய்தாற் பிணக்கு ஒரே நாளில் தீராது. எனினும் எதிலே இணங்குகின்றோம், எதிலே முரணுகின்றோம் என்பதாவது துலங்கும். அதுவே பாதி வழி.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் ஆசிரியரும், நொத்தாரிசுகளும், நில அளவையாளரும், கணினி வல்லுநரும் உளர். எல்லாச் சமயத்தாரும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். இவ்விழா ஆண்டின் நினைவாக ஒரு சிறு பணியைத் தொடங்கலாம். மத்தியஸ்த சபைக்குச் செல்லுமுன், வெளிநாட்டிலுள்ள உறவினரோடு முறையாகப் பேச விரும்புவோர்க்கு ஓர் அறை, ஒரு கணினி, பயிற்சிபெற்ற இரு நடுவர் என்பனவே தொடக்கத்துக்குப் போதும். அங்கே எழும் வரைவுகள் எளிய தமிழில் எழுதப்படுக.

நாம் கற்பித்த வழக்கிற்கு முடிவு கூறாது நிறுத்தலாகாது. வளவின் தென்புறத்தை மகன் கொள்க. வீடு நின்ற நிலம் தங்கைக்காகுக. வீட்டுக்குச் செலவான பணத்திற் பாதியை மச்சான் தவணையாகத் திருப்பித் தருக. வீடு அண்ணன் அனுப்பிய பணத்தில் எழுந்ததென்பது இணக்கப் பத்திரத்தின் முதல் வரியிலேயே எழுதப்படுக. அந்த ஒரு வரிக்காகவே மகன் இத்தனை நாளும் வாதாடியிருக்கலாம். அதனைக் கண்டறிய வல்லது நடுவரின் செவி. டோஹாவிலிருந்து அச்சொல்லை அவர் செவிக்குக் கொணர வல்லது கருவி. இரண்டையும் பயன்படுத்தக் கற்றல் நம் தலைமுறையின் கடனாகும்.